உத்தமபாளையத்தின் ஒரே சுற்றுலாப் பயணி

பதினோரு வருஷம் தம்மாமில் லாரி ஓட்டிவிட்டு, போதும் என்று விசாவை முடித்துக்கொண்டு, 2007-ஆம் வருஷம் ஆனி மாதத்து மத்தியான வேளையில் அல்தாப் உத்தமபாளையம் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். கொச்சியில் விமானம் இறங்கி, குமுளி வழியாக மலையிறங்கிய பயணம். இரண்டு கையிலும் சக்கரம் வைத்த பெட்டிகள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் கேமரா. கேமரா மகள் ஷர்மின் கேட்டது. கண்ணாடி வெயிலுக்குப் போட்டது. இந்த இரண்டு சாமான்களும் கம்பம் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தை ஆட்டிவைக்கப் போகின்றன என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் பக்கத்தில் பெரிய குடை ஒன்றின் கீழ் மேஜை போட்டு பால்பாண்டி என்கிற இளைஞன் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் துணிப் பதாகை தொங்கியது. ‘சுற்றுலாத் தேவை முன்கணிப்பு மையம், தேனி. பயணிகளே, உங்கள் வருகையே எங்கள் தரவு.’

மையம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வருஷா வருஷம் பள்ளத்தாக்குக்கு எத்தனை பேர் சுற்றிப் பார்க்க வருவார்கள், டீ விலை ஏறினால் எத்தனை பேர் குறைவார்கள், மழை பெய்தால் எத்தனை பேர் திரும்பிப் போவார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அதன் வேலை. அருவிகளையும் கோயில்களையும் மூத்த பணியாளர்கள் பிடித்துக்கொண்டதால் கடைசியாகச் சேர்ந்த பால்பாண்டிக்கு இந்த பஸ் நிலையம் வாய்த்தது. இங்கே இறங்குகிறவர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் வருகிறவர்கள். சுற்றிப் பார்க்கவா வந்தீர்கள் என்று கேட்டால் கோபப்படுகிறவர்கள். இரண்டு மாதமாக ஒரு பயணியும் சிக்காமல் பால்பாண்டி வேலை போய்விடுமோ என்ற கலக்கத்தில் இருந்தான்.

கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

“எங்கிருந்து சார் வர்றீக?”

“தம்மாமுலருந்து.”

“அது எந்த ஜில்லா சார்?”

“சவூதிப்பா.”

பால்பாண்டி பேனா மூடியைக் கழற்றினான். “இங்கன என்னென்ன பாக்கறதா இருக்கீக?”

“பொண்டாட்டி புள்ளையப் பாக்கணும். அனுமந்தன்பட்டி ரோட்டுல நம்ம திராட்சைத் தோட்டம் இருக்கு, அதப் பாக்கணும்.”

‘குடும்ப நலம், வேளாண்மை’ என்று பால்பாண்டி எழுதிக்கொண்டான். “எத்தன நாளு தங்குவீக?”

“இனிமே இங்கனதான். மவுத்தாகுற வரைக்கும்.”

அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. பால்பாண்டி யோசித்துவிட்டு 99 என்று எழுதி, “போதுமா சார்?” என்று காட்டினான். ஊருக்குள் கால் வைத்ததுமே ஒருவன் இத்தனை அக்கறையாகக் கேட்கிறானே என்று அல்தாப்புக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “தாராளமாப் போதும்ப்பா” என்று சொல்லி ஆட்டோ ஏறினார்.

வீட்டில் மெகருன்னிசா பிரியாணி செய்திருந்தாள். கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தாள். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ஆனால் இந்தத் தடவை இரண்டு வாரம் கழிந்தும் கவனிப்பு குறையவில்லை. அல்தாப் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால், “நீங்க எதுக்கு இங்கன வர்றீக? போயி ஃபேனுக்கடியில உக்காருங்க” என்பாள். கறிவேப்பிலை வாங்கி வரட்டுமா என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்புவாள். பெட்டிகளை நன்றாகத் துடைத்து, எடுக்க வசதியாகக் கதவோரம் வைத்திருந்தாள். பள்ளிவாசலிலும் சலூனிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் “எப்பத் திரும்புறீக?” என்றார்கள். இனிமேல் போகவில்லை என்றால் சிரித்தார்கள். மெகருன்னிசா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதுதான் அல்தாப்பை அதிகமாக உறுத்தியது. கேட்காமலே பதில் தெரிந்தவள்போல இருந்தாள்.

இதற்கிடையில் தேனியில், ஏலக்காய்க் குடோன் மாடியில் இருந்த மையத்துக்குப் பால்பாண்டியின் தாள் போய்ச் சேர்ந்தது. இயக்குநர் முனைவர் சுயம்புலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். இந்த வருஷம் உத்தமபாளையத்துக்கு வெளிநாட்டுப் பயணி ஒருவர். போன வருஷம் மையமே இல்லை என்பதால் பூஜ்யம். வளர்ச்சி விகிதம் என்ன என்று கணினியைக் கேட்டார்கள். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கணினி சொல்லிவிட்டது.

“பூஜ்யம் என்று எழுதுவது போன வருஷத்தை அவமதிப்பதாகும்” என்றார் சுயம்புலிங்கம். “நாம் எண்ணவில்லை என்பதற்காக யாரும் வரவில்லை என்று எப்படிச் சொல்லமுடியும்? கொஞ்சமாவது வந்திருப்பார்கள்.”

போன வருஷம் அரைக்கால் பயணி வந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டது. எட்டில் ஒரு பங்கு. ஆக, ஒரே வருஷத்தில் எட்டு மடங்கு வளர்ச்சி. கணினி இதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. வளர்ச்சிக் கோட்டை வரையச் சொன்னார்கள். அது வரைபடத் தாளுக்குள் அடங்கவில்லை. மேலே ஒரு தாள் ஒட்டினார்கள், அதற்கு மேலே இன்னொன்று ஒட்டினார்கள். கோடு சுவரேறி, கூரையில் நடந்து, மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு எதிர்ச் சுவரின் வென்டிலேட்டர் வழியாக வெளியே போய்விட்டது. மின்விசிறியைப் போடக்கூடாது என்று உத்தரவானது.

அடுத்த வாரம் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. சுயம்புலிங்கமும் நாலைந்து பேரும் இறங்கி, அல்தாப்பைத் தூரத்திலிருந்து பார்த்தபடி நின்றார்கள். அல்தாப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்து, வாயைக் கொப்பளித்து, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னார்கள்.

“சார், நான் டூரிஸ்ட்டு இல்ல. இந்த ஊர்க்காரன். இதுதான் என் வீடு.”

சுயம்புலிங்கம் கண் கலங்க உதவியாளர்களைத் திரும்பிப் பார்த்தார். “குறித்துக்கொள்ளுங்கள். பயணி, வந்த இடத்தைத் தன் சொந்த ஊராகவே உணர்கிறார். திருப்தியின் உச்சநிலை இது. சுவிட்சர்லாந்தில்கூட இப்படி யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.”

மெகருன்னிசா எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ‘உள்ளூர் மக்களின் விருந்தோம்பல் நன்று’ என்று அதையும் குறித்துக்கொண்டார்கள். எத்தனை நாளாக இந்த விருந்தினரைக் கவனிக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டார்கள். “நிக்காஹ் ஆனதுலருந்து” என்றாள்.

அன்றிலிருந்து அல்தாப்பை ஆராய்வது மையத்தின் முழுநேர வேலையாகிவிட்டது. அவர் வழக்கமாகப் போகும் டீக்கடையில், அவருக்கு மட்டும் விலையை இரண்டு மடங்காக்கச் சொன்னார்கள். தெரிந்த கடை, பேரம் பேசினால் நன்றாக இருக்காது என்று அல்தாப் பேசாமல் குடித்துவிட்டு வந்தார். ‘விலைக்கு அசையாத தேவை’ என்று அறிக்கை போனது. மூன்று மடங்காக்கினார்கள். அல்தாப் வீட்டிலேயே குடித்துக்கொண்டார். ‘அசைந்துவிட்டது’ என்று அவசரத் திருத்தம் போனது. மத்தியானம் அவர் தூங்குவதைப் ‘பருவகாலச் சரிவு’ என்று வகைப்படுத்தினார்கள். அந்த நேரத்தில் தெருவில் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடிக்கக்கூடாது என்று போர்டு வைத்தார்கள். தெருக்காரர்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒருநாள் கம்பத்தில் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அல்தாப் குடும்பத்தோடு போனார். அன்று காலையில் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்த பால்பாண்டி தேனிக்குப் போன் செய்தான். நூறு சதவீத வீழ்ச்சி. மையத்தில் சிலர் நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்தார்கள். சுயம்புலிங்கம் ஒலிபெருக்கியோடு ஜீப்பை அனுப்பினார். “பயணி அவர்கள் எங்கிருந்தாலும் திரும்பி வரவும், குறை எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்று அது கம்பம் முழுக்கச் சுற்றியது. கல்யாண வீட்டில் நெய்ச்சோற்றில் கை வைத்த அல்தாப்பை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் பொண்டாட்டிக்குள் சண்டையாம், அவர் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாராம் என்று பெண்கள் பக்கத்தில் பேச்சாகிவிட்டது. மெகருன்னிசாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

அடுத்த வருஷம் எட்டுப் பயணிகள் வருவார்கள் என்று, மையம் கணினியில் போட்டு வைத்திருந்த ‘மாதிரி’ சொல்லியிருந்தது. அந்த வருஷம் பிறந்ததும், இந்த அதிசயப் பயணியைப் பார்த்துப் பாடம் படிக்க வெளியூர்களிலிருந்து ஏழு பயிற்சி மாணவர்களை மையம் வரவழைத்தது. அவர்கள் லாட்ஜில் தங்கினார்கள். ஓட்டலில் சாப்பிட்டார்கள். பொழுதுபோகாமல் முல்லைப் பெரியாற்றில் குளித்தார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கிச் சாப்பிட்டுக் குளிக்கிறவர் சுற்றுலாப் பயணிதான் என்பது விதி. பால்பாண்டி எண்ணிப் பார்த்தான். அல்தாப்போடு சேர்த்துச் சரியாக எட்டு.

முன்கணிப்பு அப்படியே பலித்துவிட்டது என்று சுயம்புலிங்கம் எல்லாருக்கும் அல்வா கொடுத்தார். கோடு இதே வேகத்தில் போனால், 2018-இல் வரவேண்டிய பயணிகளுக்கு உலகத்தில் ஆள் பற்றாது என்று ஒரு பயிற்சி மாணவர் பயந்துகொண்டே சொன்னார்.

“அது மக்கள்தொகைக்காரர்களின் பிரச்சினை” என்றார் சுயம்புலிங்கம். “நம் பிரச்சினை, வருகிறவர்களின் பஸ்களை எங்கே நிறுத்துவது என்பதுதான்.”

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த விஷயம் அங்கேதான் திரும்பியது. பஸ்களை நிறுத்த அனுமந்தன்பட்டி ரோட்டில் இடம் பார்த்தார்கள். முதலில் எடுப்பதாக முடிவான இடம் அல்தாப்பின் திராட்சைத் தோட்டம்.

தம்மாமின் வெயிலில் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தத் தோட்டத்தில்தான் கிடந்தது. மொக்கைச்சாமி என்கிற விவசாயி அதைப் பங்குக்குப் பார்த்து வந்தார். கவாத்து வெட்டி, பந்தல் முழுக்கக் காய் இறங்கி, பன்னீர் திராட்சை கறுக்க ஆரம்பித்திருந்த நேரம். செய்தி கேட்டதும் மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வா மாப்ளே, நேர்ல போயிக் கேட்ருவோம். அந்த சாரு ஒரு மாதிரி வச்சிருக்காராம்ல.”

“மாதிரின்னா கணக்கு மாமா.”

“என்ன கணக்கோ. ஆளே ஒரு மாதிரின்னுதான் பஸ்ல பேசிக்கிறாக.”

மையத்துக்குள் வேர்த்து ஊற்றியது. கோட்டுக்காக மின்விசிறி நின்று ஒன்பது மாதமாகியிருந்தது. சுயம்புலிங்கம் நனைந்த சட்டையோடு அவர்களை வரவேற்று, தோட்டத்தை எடுப்பது யாருக்கும் நஷ்டமில்லை என்று விளக்கினார்.

“எங்களுக்கு நட்டந்தான சார்” என்றார் மொக்கைச்சாமி. “நாங்க ஒத்துக்கிற மாட்டோம்.”

“உங்கள் எதிர்ப்பை நாங்கள் ஒதுக்கவில்லை ஐயா. எங்கள் மாதிரியில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கணக்குக்குள் வராததை எல்லாம் எச்சம் என்று கடைசியில் சேர்த்துவிடுவோம். உங்கள் எதிர்ப்பு எச்சத்தில் சேர்ந்துவிட்டது.”

மொக்கைச்சாமி கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். “எச்சம்னா, காக்கா போடுமே, அதுவா சார்?”

“ஏறக்குறைய” என்றார் சுயம்புலிங்கம்.

அல்தாப் வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் படுத்துவிட்டார். மெகருன்னிசா என்ன ஏது என்று கேட்டு முழுக்கத் தெரிந்துகொண்டாள். “கூட்டம் போடுறாகளாம்ல, மண்டபத்துல. நானும் வர்றேன்” என்று மட்டும் சொன்னாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் அப்படியே இருந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து மணமேடையில் உட்கார்ந்தார். சுயம்புலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எங்கள் மாதிரி இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நிஜம்தான் சில சமயம் தவறியிருக்கிறது. அதை நாங்கள் பெருந்தன்மையோடு மன்னித்திருக்கிறோம். பயணிகள் வரட்டும், பிறகு வசதி செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பயணிகள் வந்த பிறகுதான் அவர்கள் வருவார்கள் என்று சொல்ல முன்கணிப்பு மையம் எதற்கு? எண்ணிக்கொண்டு போகலாமே. எண்ணுவதற்கா எங்களுக்கு ஜீப் கொடுத்திருக்கிறார்கள்? திராட்சை வருஷா வருஷம் காய்க்கும். இப்படி ஒரு கோடு ஒரு தடவைதான் காய்க்கும்.”

பயிற்சி மாணவர்கள் கை தட்டினார்கள். யாராவது கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா என்று பெரிய அதிகாரி கேட்டார். பெண்கள் வரிசையிலிருந்து மெகருன்னிசா எழுந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அந்த விளிம்பையே பிடித்தபடி பேசினாள்.

“அய்யா, இவுக உள்ளூரு, என் வீட்டுக்காரருன்னு நாங்க எத்தனையோ தடவ சொல்லிப்புட்டோம். சாரு கேக்கல. டூரிஸ்ட்டுதான்னுட்டாரு. ஒரு வருசமா வந்தவுக போனவுகளுக்கெல்லாம் டீ ஊத்தி எனக்கும் கை அசந்துபோச்சு. சரி, டூரிஸ்ட்டாவே இருக்கட்டும். டூரிஸ்ட்டுன்னா ஒரு நாளு திரும்பித்தான போகணும். தோட்டத்தப் பாக்க வந்தாக. தோட்டம் இல்லேன்னா இங்கன என்ன வேல? வர்ற வெள்ளிக்கிழம சவூதிக்கே கெளம்புறாக. பெட்டி கதவோரத்துலதான் இருக்கு.”

எல்லாரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் அல்தாப். இப்படிப் பேசப்போவதாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்க்க முயன்றார். அவள் பெரிய அதிகாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய அதிகாரி சுயம்புலிங்கத்தை அருகே அழைத்தார். “இவரைத் தவிர எத்தனை பயணிகள்?”

“ஏழு பேர் ஐயா.”

“அவர்கள் எதைப் பார்க்க வந்தவர்கள்?”

“இவரைப் பார்க்க வந்தவர்கள்.”

“இவர் போய்விட்டால்?”

வென்டிலேட்டர் வழியாக வெளியே போன கோடு திரும்பி உள்ளே வந்து, மின்விசிறியைச் சுற்றி, சுவரிறங்கித் தரையில் விழுவது சுயம்புலிங்கத்தின் கண் முன்னால் தெரிந்தது. உட்கார நாற்காலி தேடினார். பயிற்சி மாணவர் ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். “பயணி அவர்களே, போய்விடாதீர்கள்” என்று இன்னொருவர் அல்தாப்பின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய அதிகாரி அனுபவசாலி. மையத்துக்கு அனுமதி கொடுத்த கோப்பில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார். பள்ளத்தாக்கின் பிரதான ஈர்ப்பு இந்தத் திராட்சைத் தோட்டம்தான் என்பது நிரூபணமாகிவிட்டது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது. பஸ்களைப் பொறுத்தவரை, இதுவரை உத்தமபாளையத்துக்கு வந்த சுற்றுலா வாகனங்கள் அத்தனையும் மையத்தின் ஜீப்புகள்தான் என்று தெரிகிறது. எனவே வாகன நிறுத்தம் தேனியிலேயே, மையம் இருக்கும் இடத்திலேயே அமைக்கப்படும். அதற்காக மையம் காலி செய்யப்படும்.

“அப்ப எங்க எச்சம் என்ன சார் ஆச்சு?” என்று மொக்கைச்சாமி பின்வரிசையிலிருந்து கேட்டார். துடைத்தாகிவிட்டது என்று பெரிய அதிகாரி பதில் சொன்னார்.

அடுத்த மாதமே சுயம்புலிங்கத்துக்குப் பதவி உயர்வு வந்தது. சென்னையில் கொசுக்களின் எதிர்கால எண்ணிக்கையைக் கணிக்கும் பொறுப்பு. அங்கே தரவுக்குப் பஞ்சம் இல்லை என்று கேள்வி. மையத்தின் குடையைப் பால்பாண்டி தன்னிடமே வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் பன்னீர் திராட்சை வியாபாரம் தொடங்கினான். மேஜையும் அதேதான்.

கூட்டம் முடிந்த அன்று, பஸ்ஸில் வரும்போது அல்தாப் பேச்சை எடுத்தார். மொக்கைச்சாமி முன் சீட்டில் தூங்கிவிட்டிருந்தார்.

“வெள்ளிக்கிழம கெளம்புறேன்னு சொன்னியே. சும்மா சொன்னதுதான?”

மெகருன்னிசா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வயல்கள் ஓடின. “ஒவ்வொரு தடவையும் நீங்க போனப்புறம் ரெண்டு நாளு நான் அடுப்பு பத்த வைக்கிறதில்ல. ஷர்மினு கடையில இட்லி வாங்கித் திம்பா. அந்த ரெண்டு நாளு இந்தத் தடவ எப்ப வரும் எப்ப வரும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அதான் வாயில அப்படி வந்துருச்சு.”

“இந்தத் தடவ வராது.”

“எல்லாத் தடவையும் அடுத்த தடவ வந்தா போக மாட்டேன்னுதான் சொன்னீக.”

அது உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் அல்தாப் கதவோரத்துப் பெட்டிகளைத் தூக்கிப் பரணில் போட்டார்.

மறுநாள் காலையில் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ போர்வையை உருவினார்கள். எழுந்து பார்த்தால் மெகருன்னிசா. இடுப்பில் சேலையைச் செருகியிருந்தாள்.

“தெருக் குழாயில தண்ணி வந்து எம்புட்டு நேரமாச்சு. மனுசருன்னா எந்திரிச்சுக் குடத்தத் தூக்க வேணாமா? எல்லாத்தையும் நான் ஒருத்தியே பாக்கணுமா?”

அல்தாப் கண்ணைத் தேய்த்துக்கொண்டே கைலியை மடித்துக் கட்டி, இரண்டு குடத்தோடு தெருவுக்கு ஓடினார். வரிசையில் நின்ற பெண்கள் வாய் பொத்திச் சிரித்தார்கள். முதல் குடத்தைத் தோளில் வைத்து வீட்டுக்குள் நுழையும்போது நிலையில் இடித்து, கூடம் முழுக்கத் தண்ணீர் கொட்டிவிட்டது.

“லாரி ஓட்டுனாகளாம் லாரி. ஒரு குடத்த நேரா வீட்டுக்குள்ள கொண்டுவரத் தெரியல. இத யாரு தொடைக்கிறது?” என்று மெகருன்னிசா நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். ஷர்மின் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

அல்தாப் பதில் பேசாமல் திரும்பிப் போய் இரண்டாவது குடத்தைத் தூக்கினார். இந்தத் தடவை நிலையைக் கவனமாகத் தாண்டினார். அடுப்படி வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தார். அவள் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குடத்தைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, திட்டு வாங்க நின்றார்.